ஒன்றுக்கு நாற்பது

என் மனைவியின் தம்பிக்குப் பட்டறையில் பெயர் நாற்பது. வயதை வைத்து வந்த பெயர் இல்லை. அந்த வயதை அவன் தாண்டி வெகுகாலம் ஆகிறது. குதிரைப் பந்தயத்தில் ஒன்றுக்கு நாற்பது தருகிற குதிரையைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். முதலில் கேலிக்குக் கூப்பிட்டார்கள். இப்போது கூடப் பிறந்த அக்காவே, "நாப்பது சாப்பிட்டானா?" என்றுதான் என்னிடம் கேட்கிறாள்.

அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அப்படி ஒரு கை, அதற்கு மேலே இப்படி ஒரு தலை.

எங்களுடையது வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறை. லாரி, பேருந்து, கார் எதுவும் வரும். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டியவன் இல்லை. ஒரு கத்தரிக்கோலும் கோணூசியும் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தவன். இன்று கட்டிடம் சொந்தம், மெஷின்கள் சொந்தம், வாசலில் வண்டிகள் அடுத்த தெரு வரை நிற்கும். யார் தயவும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆனால் என் பட்டறையின் பெயரைக் காப்பாற்றியது அவன் கத்தரிக்கோல். அதையும் சொல்லத்தான் வேண்டும். ரெக்ஸினை மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, சாக்பீஸ் கோடு இல்லாமல் வளைவை வெட்டிக்கொண்டு போவான். எதிர்ப் பக்கத்தில் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் மெஷின்காரர், அதிகம் பேசாதவர். அவர் வாங்கித் தைத்தால், உறை இருக்கைமேல் தோல் மாதிரி உட்காரும். வெட்டுவதில் இவ்வளவு நிதானம் உள்ளவன் பந்தய மைதானத்தின் வாசலை மிதித்ததும் வேறு ஆளாகிவிடுவான்.

பந்தயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நிறையப் பேர் பணம் கட்டுகிற குதிரை ஃபேவரிட். ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்றரை என்று கொஞ்சம்தான் வரும். யாரும் சீண்டாத குதிரைக்கு ஃப்ளூக் என்று பெயர். ஜெயித்தால் முப்பது, நாற்பது. நான் ஃபேவரிட் ஆள். மூன்று ஓட்டத்தில் ஒன்றையாவது ஃபேவரிட் ஜெயிக்கும். தோற்றால் அடுத்த ஓட்டத்தில் கூட்டிக் கட்டக்கூடாது. ரேட் ரொம்பக் கீழே போய்விட்டால் அந்த ஓட்டத்தையே தொடக்கூடாது. இவ்வளவுதான் சூத்திரம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நானே கண்டுபிடித்தது. பட்டறையில் வரவு செலவு பார்ப்பதும் இதுவும் எனக்கு ஒன்றுதான்.

அவன் இதைக் கேட்டால் சிரிப்பான்.

"ஃபேவரிட்ல கட்டுறது பேங்க்ல போட்டு வட்டி வாங்குற மாதிரி மாமா. அதுக்கு எதுக்குக் குதிரை? பாவம், அது மூச்சு வாங்க ஓடுது."

"உன் குதிரை ஓடுறதே இல்லையே மாப்ளே. நடந்துல்ல வருது."

மெஷின்காரர் தலையைத் தூக்காமல் சொல்வார்: "போன வாரம் அவர் கட்டினது இன்னும் வந்து சேரல முதலாளி. வழியில எங்கயோ புல்லு மேயுதாம்."

நான் அவனுக்கு எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறேன். நாற்பது தருகிறேன் என்று, பந்தயப் பணம் வாங்குகிற புக்கி எழுதிப்போடுகிற குதிரை உண்மையில் நூறு தடவை ஓடினால் ஒரு தடவை ஜெயிக்கும். நூறு தரவேண்டிய இடத்தில் அவன் நாற்பது தருகிறான். ஆசைப்பட்டு வருகிறவர்களிடம்தான் அவனுக்குக் கொள்ளை லாபம். இதை யோசிக்கப் படிப்பு வேண்டாம். நாற்பதின் பதில் எப்போதும் ஒன்றே: "கூட்டத்துக்குத் தெரிஞ்சதுல என்ன இருக்கு மாமா? கூட்டத்துக்குத் தெரியாததுலதான் காசு இருக்கு."

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பட்டறைக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கடை காலியானது. முன்னால் அகலமான இடம், லாரியே உள்ளே ஏறி நிற்கலாம். நாற்பதுக்கு அதன்மேல் கண் விழுந்துவிட்டது. சொந்தமாகப் பட்டறை போடவேண்டும் என்றான். முன்பணத்தில் சரிபாதி அவனிடம் சேர்ந்திருந்தது. மீதிக்கு மாதக் கடைசி வரை உரிமையாளர் தவணை கொடுத்தார். அதற்குள் கட்டாவிட்டால் வேறு யாருக்காவது விட்டுவிடுவார்.

எதிரிலேயே எனக்குப் போட்டியாகக் கடை போடப்போகிறான். அப்படியும் மீதியை நானே தருகிறேன் என்றேன். வேறு எவன் சொல்வான்? அவன் வாங்கவில்லை.

"உங்க காசுல போட்டா அது உங்க கடை மாமா. பலகைல பேரு மட்டும்தான் எனக்கு."

வீட்டில் இதை மனைவியிடம் சொன்னேன். அவள் தம்பியைத் திட்டுவாள் என்று பார்த்தால் என்னைப் பார்த்தாள்.

"எங்க வெச்சுக் கொடுத்தீங்க?"

"பட்டறைலதான்."

"எல்லாரும் இருக்கும்போதா?"

"இருந்தா என்ன?"

"ஊரைக் கூட்டிக் கொடுத்தா எவன் வாங்குவான்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்ல காரியத்தை ஒளித்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. அது ஒரு குற்றமா?

இந்த நேரத்தில்தான் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற லாயக்காரர் ஒருவர் எங்களிடம் ஒரு வேலை கொண்டுவந்தார். ஒரு குதிரைக்குக் கண்பட்டை வேண்டும். இரண்டு கண்ணுக்கும் வெளிப்பக்கம் கிண்ணம் மாதிரி மறைப்பு. அது இருந்தால் குதிரைக்குப் பக்கத்தில் வருவது தெரியாது, முன்னால் மட்டும்தான் தெரியும். நாற்பதுதான் வெட்டினான். வெட்டும்போதே அவரிடம் பேச்சுக் கொடுத்தான். அந்தக் குதிரை வேகத்துக்குக் குறைவில்லாதது, ஆனால் பக்கத்தில் வேறு குதிரை ஏறி வந்தால் மிரண்டு பின்வாங்கிவிடும், அதனால்தான் இதுவரை எல்லா ஓட்டத்திலும் கடைசி என்று அவர் சொன்னார். வருகிற சனிக்கிழமை முதல் தடவையாகக் கண்பட்டையோடு ஓடப்போகிறது. ஏழாம் நம்பர்.

அவர் போனதும் நாற்பது கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"நாப்பது மடங்கு மாமா. என் கையால வெட்டின கண்பட்டை. இதுக்கு மேல என்ன வேணும்?"

உண்மையைச் சொன்னால், அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரணத்தோடு பேசினான். நானே கொஞ்சம் அசந்துதான் போனேன். ஆனால் இப்படி ஒரு சங்கதி கையில் கிடைத்தவன் என்ன செய்யவேண்டும்? வாயை மூடிக்கொண்டு சனிக்கிழமை வரை இருக்கவேண்டும். இவன் மெஷின்காரரிடம் சொன்னான். பசை கொண்டுவருகிறவரிடம் சொன்னான். முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில், கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் சொன்னான். இருக்கை தைக்க வந்த லாரி ஓட்டுநர்கள் ஒவ்வொருவருக்கும் கண்பட்டையை எப்படி வெட்டினேன் என்று கையை வளைத்துக் காட்டினான். இத்தனை வருடம் இவன் குதிரையைச் சொல்லிச் சிரித்தவர்கள் முதல் தடவையாக வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்த ருசியில் நிறுத்தவே முடியவில்லை.

"மாப்ளே, போதும். நீ சொல்லச் சொல்ல அந்த நாப்பது கரையுது," என்றேன்.

"இந்த லாரிக்காரங்க கட்டுற சில்லறைலயா மாமா ரேட் விழப்போகுது?"

சனிக்கிழமை காலையில் மெஷின்காரர் பல்வலி என்று விடுப்புக் கேட்டார். கொடுத்தேன். ஒரு பள்ளிப் பேருந்தின் இருக்கைகளை மதியத்துக்குள் முடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. நாற்பதும் சீக்கிரம் கிளம்பவேண்டும் என்று கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, புக்கி பலகை திறக்கும்போதே போனாத்தான் ரேட் இருக்கும்."

"வேலை முடிஞ்சாப் போலாம். நானும்தானே வர்றேன்."

தொழிலுக்கு அப்புறம்தான் குதிரை. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் நான் இன்னும் சாலையோரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் மெஷினிலும் உட்கார்ந்து தைத்தான். ஆணி அடித்தான். கடைசி இருக்கையைத் தூக்கிப் பேருந்தில் வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் என்னோடு வந்தான்.

நாங்கள் மைதானத்துக்குள் நுழைந்தபோது புக்கிகளின் பலகைகளுக்கு முன்னால் நல்ல கூட்டம். பாதி முகங்கள் எங்கள் வாடிக்கைக்காரர்கள். ஒருவர் நாற்பதின் தோளைத் தட்டி, "அண்ணே, ஏழு. கட்டியாச்சு," என்றார். இவன் நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். புக்கி ஏழாம் நம்பருக்கு நேரே எழுதியிருந்ததை அழித்து எழுதிக்கொண்டிருந்தான். ஒன்றுக்கு ஒன்றரை.

நடந்தது இதுதான். லாரிக்காரர்களின் சில்லறையில் ரேட் முதலில் ஆட்டம் கண்டது. ஆட்டம் கண்டதைப் பார்த்த பெரிய கைகள், உள்ளே ஏதோ விஷயம் இருக்கிறது என்று கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். யாரும் சீண்டாத குதிரை ஃபேவரிட் ஆகிவிட்டது.

நாற்பது அப்படியே நின்றான். அவன் சட்டைப் பைக்குள் முன்பணத்தின் பாதி முழுசாக இருந்தது.

"பரவாயில்ல, கட்டு," என்றேன். "உனக்கு வேணுங்கிறது ரெண்டு மடங்குதானே? ஜெயிச்சா முன்பணம் முழுசா வந்துடும். மெஷினுக்கு அச்சாரம் கொடுக்கவும் மிஞ்சும்."

"இது இப்ப என் குதிரை இல்ல மாமா. கூட்டத்தோட குதிரை."

"டேய், குதிரை அதேதான். நீ வெட்டின கண்பட்டைதான் போட்டிருக்கு, போய்ப் பாரு."

"இத்தனை பேர் கட்டினது ஜெயிச்சு நான் பார்த்ததில்ல."

"நீ கட்டினது ஜெயிச்சும் பார்த்ததில்லையேடா."

அவன் காதில் ஏறவில்லை. பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். மூன்றாம் நம்பருக்கு நேரே நாற்பது என்று இருந்தது. அந்தக் குதிரையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது, நிறம்கூடத் தெரியாது. பாதியையாவது வைத்துக்கொள் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போய் மொத்தத்தையும் கட்டிவிட்டு வந்தான்.

நான் ஏழில் கட்டினேனா என்று கேட்பீர்கள். நான் கட்டவில்லை. ஃபேவரிட் என்பது குதிரை ஓடிச் சம்பாதிக்கிற பெயர். இது என் பட்டறையிலும் முடிவெட்டும் கடையிலும் வாயால் செய்த ஃபேவரிட்; செய்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். முறையான ஃபேவரிட்டாக இருந்து ரேட் ஏறிப்போன இரண்டாம் நம்பரில் கட்டினேன். சூத்திரப்படி அதுதான் சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன்.

ஏழு ஜெயித்தது. சாதாரணமாக ஜெயிக்கவில்லை. வளைவில் இருபக்கமும் குதிரைகள் ஏறி வந்தபோதும் ஒன்றையும் கண்டுகொள்ளாமல், யாரோ நூல் பிடித்து இழுத்த மாதிரி நேராக வந்தது. லாரிக்காரர்கள் நாற்பதைத் தூக்காத குறை. அவன் எல்லோருக்கும் தலையாட்டினான். மூன்றாம் நம்பர் எங்கே வந்தது என்று அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கூட்டம் கலையும்போது மெஷின்காரரைக் கண்டேன். கன்னத்தில் வீக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. பலகை திறந்தவுடனே, ரேட் முப்பதாக இருக்கும்போதே கட்டியிருக்கிறார்.

"பல் எப்படி இருக்கு?" என்றேன்.

"இப்பக் கொஞ்சம் பரவாயில்ல முதலாளி," என்றார்.

மாதக் கடைசியில் எதிர்க்கடையை அவர் எடுத்தார். பல வருடம் என் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தைத்தவர், எங்கள் வேலையில் கிடைத்த தகவலை வைத்து எனக்கு எதிரே கடை போடுகிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த நாள் நாற்பது வந்து, கத்தரிக்கோலைத் துடைத்து, துணியில் சுற்றினான்.

"அங்க போறேன் மாமா. வெட்ட ஆள் இல்லையாம்."

"பங்காளியாவா?"

"இல்ல. கூலிக்குத்தான்."

"எவ்வளவு?"

"இங்க வாங்குறதுதான்."

"ஏன்டா, அதே கூலி, அதே வெட்டு. சொந்தக் கடைன்னு சொல்லு, ஒத்துக்கறேன். இன்னொருத்தன்கிட்ட கை கட்டி நிக்கவா என்னை விட்டுட்டுப் போற? நான் கொடுத்த காசு கசந்துச்சு, அவன் கொடுக்கிற கூலி இனிக்குதா?"

அவன் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னான்.

"அங்க நான் வெட்டுற ஆள் மாமா. பலகை திறக்குதுன்னா, நான் போறேன்னு சொல்லிட்டுப் போவேன். இங்க நான் அக்காவோட தம்பி."

சொல்லிவிட்டு, சாலையின் இருபக்கமும் பார்த்துக் கடந்து போனான்.

மனைவியிடம் போய் இந்த அநியாயத்தைச் சொன்னேன். மறுநாள் மதியச் சாப்பாடு எப்போதும்போல ஒரே அடுக்குப் பாத்திரத்தில் வந்தது. கீழ் அடுக்கு எனக்கு, மேலே இருப்பது அவனுக்கு. இன்றைக்கும் அப்படித்தான் வருகிறது. தனியாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டால், "ஒரு ரோட்டைத் தாண்ட முடியாதா உங்களால?" என்கிறாள். இத்தனை பெரிய பட்டறைக்கு முதலாளி, மேல் அடுக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கிறேன். அவன் வெட்டிக்கொண்டே, "வெச்சுட்டுப் போங்க மாமா," என்கிறான். மெஷின்காரர் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க முதலாளி," என்கிறார். நான் உட்காருவதில்லை.