ஜொகூர் பாருவில் என் கையெழுத்து வெள்ளியான கதை

சென்ற ஆனியில் நான் ஜொகூருக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, என் தங்கை ராஜத்தை அழைத்துவர. ரப்பர் விலை விழுந்ததில், பொந்தியான் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவள் கணவருக்கு வேலை போய்விட்டது. வேறு வேலை தேடி வடக்கே போயிருந்தார். ராஜத்துக்கோ ஏழாவது மாதம். ஞாயிறன்று சிங்கப்பூரிலிருந்து நம் ஊருக்குப் புறப்படும் கப்பலை விட்டால் அடுத்தது இரண்டு வாரம் கழித்து. அதற்குள் மாதம் ஏறிவிடும், கப்பலில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் வாங்கிய சம்பளத்தில் மீத்ததைச் சென்னையில் ஒரு பாங்கியில் கட்டி, ஐந்து பவுன் பிரயாணச் செக்குகள் மூன்று வாங்கியிருந்தேன். எந்த ஊர்ப் பாங்கியில் நீட்டினாலும் அந்த ஊர்ப் பணம் கொடுப்பார்களாம். வாங்கும்போது மேல்கோட்டில் ஒரு கையெழுத்து, மாற்றும்போது கீழ்க்கோட்டில் ஒன்று. இரண்டும் ஒத்திருக்க வேண்டும். வழியனுப்ப வந்த என் அண்ணா எல்லாம் தெரிந்தவர். "அங்கே போய்க் கை உதறும். இப்பவே கீழேயும் போட்டுடு" என்றார். நானும் சமர்த்தாகப் போட்டுவிட்டேன்.

பினாங்கில் மாற்றிய ரூபாய் நோட்டுகள் பொந்தியான் போய்ச் சேர்வதற்குள் கரைந்துவிட்டன. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ராஜத்துடன் வாடகைக் காரில் கிளம்பினேன். ஜொகூர் பாரு முப்பத்தெட்டு மைல், வாடகை ஆறு வெள்ளி. டாலரை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றே சொல்கிறார்கள். காரோட்டி காதர் நாகூர்ப் பக்கத்துக்காரர். "பேங்குல மாத்திட்டே குடுங்கம்மா" என்று சிரித்தார்.

வழி நெடுக ரப்பர், நடுவே அன்னாசி, மறுபடியும் ரப்பர். பிறகு திடீரென்று கடல். அதன் குறுக்கே கல்லைக் கொட்டிப் போட்ட பாதையில் ஒரு ரயில் சிங்கப்பூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இறங்கி நிற்க நேரமில்லை. சனிக்கிழமைகளில் பாங்கி பன்னிரண்டுக்கு மூடிவிடும், ராஜத்துக்காகக் காரை மெல்ல ஓட்டியதில் அப்போதே பதினொன்று.

ராஜத்தைக் காரில் இருத்திவிட்டு நானும் காதரும் பாங்கிக்குள் போனோம். சீனக் குமாஸ்தா தாளைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். அவருடைய மலாய்ப் பேச்சைக் காதர்தான் எனக்குச் சொன்னார்.

"அலமாக்! கீழேயும் போட்டுட்டீங்களாம்மா? அவர் கண்ணு முன்னாடி போட்டாத்தான் செல்லுமாம்."

அண்ணாவை மனத்துக்குள் திட்டினேன். பிள்ளைத்தாச்சியான தங்கை வெளியே வெயிலில் காத்திருக்கிறாளென்று குமாஸ்தாவிடம் சொல்லும்படி காதரைக் கேட்டுக்கொண்டேன். குமாஸ்தா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எழுந்து மானேஜர் அறைக்குப் போய்த் திரும்பிவந்து, தாளின் பின்பக்கத்தைக் காட்டினார்.

"இங்க திரும்பப் போடணுமாம். ஒக்காந்து நிதானமாப் போடுங்கன்றார்."

விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். தினமும் காலையில் பள்ளி வருகைப் பதிவில் போடுவதாக நினைத்துக்கொண்டு, மூன்று தாளிலும் 'தர்மாம்பாள்' என்று தமிழில் போட்டேன். தமிழில் ஓரெழுத்தும் அறியாத அந்த மனிதர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுழியாகப் பார்த்தார். கடைசியில், "சாமா" என்றார்.

"ஒண்ணா இருக்குன்றார்மா!" என்று காதர் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

நூற்றிருபத்தெட்டு வெள்ளியும் சில்லறையும். எங்கள் வீட்டில் பத்திரம் என்றால் அண்ணாதான் கையெழுத்துப் போடுவார். அங்கே என் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை. என்னை யாரென்றே தெரியாத ஊரில் அது இரண்டு கப்பல் டிக்கெட்டாக மாறியது. ரயில் கடலைத் தாண்டியதைவிட இது எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது. கிளம்பும்போது குமாஸ்தா அந்த எழுத்தை எப்படிச் சொல்வதென்று கேட்டார். சொன்னேன். அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

இப்படிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. யார் சொன்னாலும் கீழ்க்கோட்டைத் தொடாதீர்கள். செக்கின் நம்பர்களைத் தனியே எழுதி வேறொரு பையில் வையுங்கள். இரண்டு நாள் செலவுக்காவது கையில் வெள்ளி இருக்கட்டும். முடிந்தால் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

மறுநாள் சிங்கப்பூரில் எங்கள் கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. தளத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ராஜம் என் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கைதானேக்கா!" என்றாள்.