சீரோடு வந்த தெள்ளுப்பூச்சி

மூட்டைப்பூச்சி கடித்தால் கட்டிலைத் திட்டலாம். கொசு கடித்தால் வாய்க்காலைத் திட்டலாம். தெள்ளுப்பூச்சி கடித்தால் மட்டும் வீட்டில் இருக்கிற யாரையாவது திட்டியாக வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கல்யாணமாகிப் புதுச்சேரி டவுனுக்குள் வாழப் போன வீட்டில் அந்த யாராவது நான்தான்.

நான் கருவடிக்குப்பத்துக்காரி. இன்றைக்கு அது டவுனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்றைக்கு டவுன்காரர்கள் வாயில் அது காட்டுப்பக்கம். அப்பா கொடுத்த சீரில் பித்தளைப் பாத்திரங்கள், ஒரு மரப்பெட்டி, ஒரு மாதா சுரூபம் இவற்றோடு கேட்காமலே ஒரு பூனையும் வண்டி ஏறிவிட்டது. சாம்பல் நிறம், பாதி வால். என் அம்மா செத்த வருஷம் குட்டியாக வந்து என் போர்வைக்குள் புகுந்த பூனை அது. அதற்குப் பிறகு நான் தனியாகத் தூங்கியதே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அது போர்வைக்குள்தான் கிடந்தது. என் வீட்டுக்காரருக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் அவர் எதையும் வாய் திறந்து சொல்லுகிற ஆள் இல்லை.

வீட்டில் நாங்கள் மொத்தமே மூன்று பேர். மாமியார் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சுத் துரைத்தனத்து ஆபீசில் எழுத்து வேலை. தன் அப்பாவும் பெண்டாட்டியும் பேச ஆரம்பித்தால் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொள்வார். போன மாசத்துப் பேப்பராக இருந்தாலும் சரி, விரித்துக்கொள்வார்.

மாமனார் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம். சைகோனில் பாதி வயசைக் கழித்தவர். அவரிடம் ஒரு நாய் இருந்தது. அதை 'மொன் ஃபிஸ்' என்று கூப்பிடுவார், பிரெஞ்சில் 'என் மகனே' என்று அர்த்தம். பெற்ற மகனைக் கூப்பிடுவது 'ஏய்'. காலையில் ரொட்டியைக் காப்பியில் நனைத்து முதல் துண்டை நாய்க்குக் கொடுப்பார், அடுத்த துண்டு அவருக்கு, காய்ந்த முனை மகனுக்கு. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் கருப்புக் காப்பி குடிப்பேன்.

அப்புறம் அந்தக் கோட்டு. பெரிய சண்டையின்போது, அதாவது முதல் உலகப் போரில், ஒரு குளிர்காலம் முழுக்க அவர் பிரான்சில் இருந்திருக்கிறார். அங்கே கொடுத்த கம்பளி மேல்கோட்டை 'கப்போத்' என்பார். அது கூடத்துச் சாய்வு நாற்காலியின் மேல் வருஷம் பூராவும் விரித்தே கிடக்கும். கீழ் ஓரத்தில் காய்ந்த சேறு, பிரான்சு சேறு. சேறு உதிர்ந்துவிடும் என்று அந்தக் கோட்டை ஒருநாளும் துவைத்ததில்லை, வெயிலில் போட்டதில்லை, தட்டினதுகூட இல்லை. வீட்டுக்கு வருகிற பழைய சொல்தாக்கள் அந்தச் சேற்றைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுவார்கள். ஒருமுறை நான் பெருக்கும்போது விளக்குமாறு அதன்மேல் பட்டுவிட்டது. அன்றைக்கு மத்தியானம் மாமனார் சாப்பிடவில்லை.

நாய் அந்தக் கோட்டின் வால்பக்கம் படுக்கும். மாமனார் காலையில் கோயில் பூசைக்குப் போனதும் மேல்பக்கத்தில் பூனை ஏறிக்கொள்ளும். கோட்டைத் தொடக் கூடாதென்று எனக்குத்தான் உத்தரவு, பூனைக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் கோடை பிறந்ததும் முதலில் நாய் சொறிந்தது. பிறகு பூனை சொறிந்தது. பிறகு நாங்கள். கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. மாமனார் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நாயின் வயிற்றைப் புரட்டிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மொன் ஃபிஸ்ஸுக்கு இத்தினி வருஷத்துல ஒரு தெள்ளு கிடையாது. உங்கப்பன் சீரோட அனுப்பிச்ச பூனை கொண்ணாந்தது இது."

பூனை வந்து ஒரு வருஷமாகிறதே மாமா என்றேன். இத்தனை நாள் முட்டையாக இருந்தது என்றார். பேப்பருக்குப் பின்னால் வீட்டுக்காரர் கணுக்காலைச் சொறியும் சத்தம் கேட்டது.

மாமனார் முதலில் மருந்துக்குத்தான் போனார். வெள்ளைக்காரர் தெருவில் இருந்த பார்மசியில் பூச்சிக்கான பவுடர் இருந்தது. ஆனால் ஒர்தொனான்ஸ் இல்லாமல், அதாவது டாக்டர் எழுதிய சீட்டு இல்லாமல், தரமாட்டேன் என்றுவிட்டார்கள். சரியென்று மிருக வைத்தியரைத் தேடிப் போனார். அந்த மனுஷர் துரைத்தனத்துக் குதிரைகளை மட்டும்தான் பார்ப்பாராம். நாய்க்குச் சீட்டு எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்று கையை விரித்துவிட்டாராம். மாமனார் திரும்பி வந்து தொப்பியை ஆணியில் மாட்டினார். சைகோனில் ஒரு பட்டாளக் கம்பெனி ஆட்களின் தலைப்பேனை ஒழித்த எனக்கு இவன் சீட்டு எதுக்கு என்றார். அன்றிலிருந்து அவரே வைத்தியர்.

ஒதகொலோன் வாசனைத் தண்ணீரில் ஆரம்பித்தார். புட்டி பூராவையும் நாயின் முதுகில் ஊற்றித் தேய்த்தார். நாய் இரண்டு நாள் துரைசானி மாதிரி மணத்துக்கொண்டு சொறிந்தது. அடுத்தது சுருட்டு. நல்ல சுருட்டுகளை உடைத்து என் குழம்புச் சட்டியில் போட்டுக் காய்ச்சி அந்தத் தண்ணீரில் நாயைக் குளிப்பாட்டினார். நாய் தன் உடம்பைத் தானே நக்கிவிட்டுத் தள்ளாடித் தள்ளாடி நடந்து, சுவரில் முட்டி, வாந்தியெடுத்துச் சாயங்காலம்வரை சுருண்டு கிடந்தது. மாமனார் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொன்னார். தெள்ளுப்பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. குழம்புச் சட்டியைத் தூக்கி எறிந்தேன்.

பிறகு கடல். தொப்பி, சட்டை, கைத்தடியோடு நாயைக் கடற்கரைக்கு நடத்திப் போய் அலையில் முக்கி முக்கி எடுத்தார். அது நன்றாகக் குளித்து, சந்தோஷமாக வீடு வந்து, நேராகக் கோட்டின் வால்பக்கம் போய்ப் படுத்தது. அன்றைக்கே மறுபடி சொறிந்தது. இதைவிட வெளிச்சமாக யாருக்கும் எதையும் காட்ட முடியாது. ஆனாலும் எங்கள் மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். பீடத்தில் இருக்கிற சுரூபத்துக்குள் கரையான் இருக்குமென்று யார் நினைப்பார்கள்?

நான் என் பங்குக்குப் பூனையைப் பார்த்துக்கொண்டேன். மாமனார் மண்ணெண்ணெய் தடவச் சொன்னார், முடியாது என்றேன். பூனை நக்கிச் சாகும், அதைத்தான் நீங்கள் விரும்புகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். என் பேன் சீப்பை எடுத்து, தினமும் பூனையை மடியில் போட்டுத் தலையிலிருந்து பாதி வால் வரைக்கும் வாரினேன். சீப்பில் வருவதையெல்லாம் சவுக்காரத் தண்ணீரில் முக்கிக் கொன்றேன். பகலில் அது படுக்கிற சாக்குக்கு அடியில் வேப்பிலையும் வசம்புத் தூளும் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் பூனை பளிச்சென்று இருக்கும். மறுநாள் அவர் பூசைக்குப் போய் வந்த பிறகு பார்த்தால் மறுபடி தெள்ளு. மாமனார் கைத்தடியால் பூனையைச் சுட்டிக் காட்டிவிட்டுப் போவார். பேசியிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் பங்குச் சாமியாரை அழைத்து வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். சாமியார் வாசலில் நின்றபடியே தெளித்துவிட்டு, இதற்கெல்லாம் ஜனவரியில் வனத்து அந்தோணியார் திருநாளில் ஆடுமாடுகளை மந்திரிக்கும்போதே நாயையும் பூனையையும் கொண்டுவந்திருக்கலாமே என்றார். போகும்போது அங்கியைத் தூக்கிக் காலைச் சொறிந்துகொண்டே போனார்.

அதற்குள் ஜூலை வந்துவிட்டது. பதினாலாம் தேதி பிரெஞ்சுக்காரர் திருநாள். பழைய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் கவர்னருக்கு முன்னால் வரிசை நிற்பார்கள். அது முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து வெர்மூத் ஒயின் குடிப்பது வழக்கம். மாமனாருக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நாள். தெள்ளு கடிக்கிற வீடு என்று அவர்கள் பேசிவிட்டால் தலை தூக்க முடியாது என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. தேங்காய்த்திட்டிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாளிடம் பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பரேட் முடிஞ்சி ஆளுங்க வர்றதுக்குள்ள பூனை இந்த வூட்ல இருக்கக் கூடாது. அங்க மீனு கொட்டிக் கெடக்குது, நல்லா இருக்கும்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பேப்பர் அசையவில்லை. அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டேன். கிழித்த பிறகு அவர் முகம் தெரிந்தது. அதுவும் பேப்பர் மாதிரிதான் வெளுத்திருந்தது, பாவம். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்றார். இந்த வீட்டில் நானும் அந்தப் பூனையும் ஒரே வண்டியில் வந்தவர்கள், அதை அனுப்பினால் என்னையும் சேர்த்துத்தான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எனக்குப் போக்கிடம் இருந்தது, ஆனால் அம்மா இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போய் நின்றால் அண்ணிமார் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பதினாலாம் தேதி காலை மீன்கார அம்மாள் கூடையோடு வந்துவிட்டாள். பூனையை நானே கூடையில் வைத்தேன். வேறு யார் கை பட்டாலும் பிறாண்டும். மூடியைக் கயிற்றால் கட்டினோம். பரேட் முடிந்து நான் வந்து ஒருமுறை பார்த்த பிறகு கொண்டுபோ என்று கெஞ்சினேன். சரியென்று கூடையோடு முற்றத்தில் உட்கார்ந்தாள்.

மாமனார் நாற்காலியிலிருந்து கோட்டை மெதுவாக எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த வெயிலில் வேட்டியே பாரம், அவர் கழுத்துவரை பித்தான் போட்டார். மெடல்களைக் குத்தினார். நாயை வீட்டில் கட்டிப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். நானும் வீட்டுக்காரரும் கூட்டத்தில் முன்னால் போய் நின்றோம்.

பாண்டு வாசித்தது. கொடி ஏறியது. சொல்தாக்கள் விறைப்பாக நின்றார்கள். மாமனாரின் முகம் முதலில் சிவந்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு மீசையின் ஒரு பக்கம் மட்டும் துடித்தது. பிறகு மற்றப் பக்கம். கை சல்யூட்டில் இருக்கிறது, அசைக்க முடியாது. உடம்பு சூடும் வேர்வையும் ஏற ஏற அந்தக் கோட்டுக்குள் என்ன நடந்ததென்று அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது. எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, சண்டையில் செத்தவர்களை நினைத்து அழுகிறார் பார் என்று தானும் அழுதாள். அதற்குள் அவருக்கு இடப்பக்கம் நின்றவர் ஒரு காலால் மறு காலைத் தேய்க்க ஆரம்பித்தார். வலப்பக்கத்துக்காரரின் தோள் குலுங்கியது. வரிசையே மெதுவாக நெளிந்தது. மாமனார் மட்டும் நெளியவில்லை. கவர்னர் வந்து கை கொடுத்து ஏதோ கேட்டார், இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். கவர்னர் அடுத்த ஆளிடம் போகும்போது மணிக்கட்டைச் சொறிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்காரர் தான் பார்க்கவில்லை என்றே கடைசிவரை சாதித்தார். அவர் எதைத்தான் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியில் மாமனார் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். முற்றத்துக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி கிணற்றுச் சுவரில் போட்டார். தையல் ஓரமெல்லாம் மிளகுத்தூள் தூவினதுபோல இருந்தது. வெயில் பட்டதும் மிளகுத்தூள் குதித்தது.

குனிந்து தையலை விரலால் பிரித்துப் பார்த்தார். நாய் அங்கே கட்டியிருந்தது, பூனை கூடைக்குள் கத்திக்கொண்டிருந்தது, பரேடுக்கு அவரோடு வந்தது கோட்டு மட்டும்தான். மீன்கார அம்மாளிடம் போய்க் குனிந்து கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார். பூனை தலையை நீட்டியது. மாமனார் நிமிர்ந்து, குதிகாலைச் சேர்த்து நின்று, பூனையைப் பார்த்து, "பர்தோன்" என்றார். மன்னித்துக்கொள் என்று. பெற்ற மகனிடம்கூட அந்த வார்த்தையை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"அண்டாவ அடுப்புல ஏத்து" என்றார் என்னிடம்.

"மாமா, சேறு போயிடுமே."

"போவட்டும்."

கம்பளியை எப்படித் துவைப்பது என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? வேட்டியை அவிக்கிறதுபோலச் சவுக்காரத்தையும் உவர்மண்ணையும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க அவித்தோம். அதற்குள் சொல்தாக்கள் வந்துவிட்டார்கள். வெர்மூத் கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் சொறிந்துகொண்டு, அண்டாவைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். தண்ணீர் பழுப்பானதும் ஒருத்தர் தொப்பியைக் கழற்றினார், மற்றவர்களும் கழற்றினார்கள். நான் துடுப்பால் கோட்டைத் தூக்கினேன். சின்னதாகிவிட்டது. கோயிலில் புதுநன்மை வாங்குகிற எட்டு வயசுப் பிள்ளைக்குத் தைத்த அளவில் தொங்கியது.

அந்த நேரம் பூனை எல்லாரையும் தாண்டிப் போய், காலியாகக் கிடந்த சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. கோட்டைப் பார்க்கச் சகிக்காமலோ என்னமோ, ஒரு பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இது யாரு வூட்டுப் பூனை?"

மாமனார் என் பக்கம் திரும்பவில்லை.

"எங்க வூட்டுது. இங்கதான் பொறந்துச்சி."

மீன்கார அம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவள் கையில் ஒரு கிளாஸ் வெர்மூத்தைத் திணித்தார். நான் துடுப்பை அண்டாவிலேயே விட்டுவிட்டு, நின்ற இடத்தில் எல்லார் முன்னாலும் அழுதேன். வீட்டுக்காரர் பேப்பரைத் தேடினார்.