ஐஸ் கேட்டு வந்தவர்கள்

தெருவிலேயே முதல் பிரிட்ஜ் உங்கள் வீட்டில்தான் வந்ததா? அப்படியானால் ஐஸ் கொடுக்கும் உத்தியோகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, விரல் மரத்துப்போகும். எழுபதுகளின் கடைசியில், உத்தமபாளையத்தில், பத்து வயதில் எனக்கு அது வாய்த்தது. அத்தா, அதாவது என் அப்பா, சவூதியில் வேலை பார்த்தார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அத்தா அனுப்பிய பணத்தில் மதுரையிலிருந்து வந்து இறங்கியது அந்தப் பெட்டி.

சிநேகிதி

மும்தாஜ் என் வகுப்பு. பிரிட்ஜ் வரும்வரை எங்கள் வீட்டுப் படி ஏறாதவள். வந்தபிறகு பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்துவிடுவாள். ஒரு கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பல்லாங்குழி ஆடுவாள். அது கரைந்ததும் எழுந்துவிடுவாள். அதனால் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பெரிய பெரிய கட்டியாக உறையவைக்கத் தொடங்கினேன்.

ஒருநாள் பகலெல்லாம் கரண்டு இல்லை. பல்லாங்குழியை எடுத்து வைத்துக்கொண்டு, ஐஸ் இல்லை என்று சொன்னேன். அவள் வாசலைத் தாண்டவில்லை.

"உறையலையா? அப்ப நாளைக்கு வாரேன்."

நோன்பு மாதம்

சாயங்காலமானால் தூக்குவாளிகளோடு பெண்கள் வந்து நிற்பார்கள், சர்பத்துக்கு ஐஸ் கேட்டு. எல்லாருக்கும் கொடுத்து முடித்தால் எங்களுக்கு மிஞ்சாது. பக்கத்து வீட்டு மாமி கடைசிக் கட்டியையும் வாளியில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஒங்களுக்கென்ன ஆத்தா, ரெண்டே பேரு. வெறுந்தண்ணி போதும்."

டீச்சர்

எதிர்வீட்டில் ஸ்டெல்லா டீச்சர் தனியாகக் குடியிருந்தார். ராயப்பன்பட்டிக்காரர். சர்க்கரை வியாதி. ஊசி மருந்துக் குப்பி எங்கள் பிரிட்ஜில்தான் இருக்கும். தினமும் காலையில் வந்து ஊசி போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் என்னோடு பேசிவிட்டுப் போவார். அந்தப் பேச்சுக்காகவே நான் சீக்கிரம் எழுந்திருப்பேன்.

ஒருமுறை காற்று மழையில் கம்பி அறுந்து இரண்டு நாள் கரண்டு வரவில்லை. மருந்து கெட்டுவிடுமோ என்று பயந்து, குப்பியை மண்பானைக்குள் வைத்து ஈரத்துணி சுற்றினோம். துணி காயக் காய நான் தண்ணீர் தெளித்தேன். டீச்சர் பின்னால் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிட்டார். மருந்து கெடவில்லை. கரண்டு வந்தபோது எனக்குத்தான் சப்பென்றிருந்தது.

அடுத்த வருஷம் சொந்த ஊருக்கே மாற்றலாகிப் போனார். குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தட்டினார்.

"அண்ணன் வீட்டுல பிரிட்ஜ் வாங்கிட்டாக. இனிமே உனக்குத் தொந்தரவு இல்லம்மா."

அத்தா

கம்பத்துப் பன்னீர் திராட்சை என்றால் அத்தாவுக்கு உயிர். அவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் ஒரு கொத்தை மேல்தட்டில் உறையவைத்தேன். லீவு தள்ளிப்போனது. திரும்பவும் தள்ளிப்போனது. கொத்தின்மேல் வெள்ளையாகப் பனி படர்ந்துவிட்டது. அம்மாவைக்கூடத் தொட விடவில்லை.

கடைசியில் வந்தார். எனக்கு அவர் முகம் புதிதாக இருந்தது. தட்டில் திராட்சையை வைத்து நீட்டினேன். ஒன்றை வாயில் போட்டுக் கூசிய பல்லோடு சிரித்தார்.

"அங்கன வருசக்கணக்கா கறி, கோழி எல்லாமே ஐஸ்ல வச்சதுதாம்மா தின்னேன். தோட்டத்துல பறிச்ச பழம் இல்லையா?"

இப்போது எங்கள் தெருவில் பிரிட்ஜ் இல்லாத வீடே இல்லை. உத்தியோகம் போய்விட்டது, ஐஸ் கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை, சும்மாவும் யாரும் தட்டுவதில்லை.