அலுவலக வாசலில் நின்ற வெறும் கான்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சோளகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கிற கோடை நாட்களில், பூநகரிப் பக்கம் நடந்த சம்பவம் இது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் முன்னால் கதைக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த தொழில் உழவு இயந்திரம் ஓட்டுவது. பல வருடங்கள் ஒரே முதலாளியிடம் ஓட்டினேன். விலைவாசி ஏறி, டீசலும் கிடைக்காமல் போன காலத்தில் அவர் மெசினை விற்றுவிட்டு மகனிடம் கனடாவுக்குப் போய்விட்டார். அதன் பிறகு மற்றவர்களின் மெசினைக் கூலிக்கு ஓடினேன். விதைப்புக்கும் அறுவடைக்கும் கூப்பிடுவார்கள், மற்ற நாட்களில் சும்மா இருக்கவேண்டும். மாதச் சம்பளத்தில் ஒரு வேலை கிடைக்காவிட்டால் கட்டாருக்குப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஏஜென்சிக்காரர் வைத்தியப் பரிசோதனையும் செய்வித்துவிட்டார். மனைவியையும் மகளையும் விட்டு இந்த வயதில் கடல் கடந்து போக எனக்குத் துளியும் விருப்பம் இல்லை. ஆகவே, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட இடமெல்லாம் நேர்முகத் தேர்வுக்குப் போனேன்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் நடந்தது. கதிரையில் இருக்கச் சொல்வார்கள். லைசென்சைப் பார்ப்பார்கள். எவ்வளவு காலம் ஓடினீர்கள், குடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். தலையாட்டுவார்கள். பிறகு அந்தக் கேள்வி வரும்.

"சொந்த இடம் எது?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குக் கிளிநொச்சி என்று சொன்னால் அது பதில் ஆகாது. அதற்கு முன்பு எங்கே என்று கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு ஊரைச் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஊர் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். நான் பிறக்க முதல், இனக்கலவரத்தில் அவர்கள் இருந்த லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது உடுத்த உடுப்போடு வன்னிக்கு ஓடி வந்தார்கள். காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். நான் பிறந்தது அந்தக் குடிசையில்தான்.

இதை நான் மெதுவாகச் சொல்லி முடிக்கும்போது முன்னால் இருப்பவர் பேனையை மூடிக்கொண்டிருப்பார். "சரி, அறிவிக்கிறம்" என்பார். ஒருவரும் அறிவித்தது கிடையாது.

ஒரு அரிசி ஆலையில் ஆள் தேவை என்றபோது என் மனைவியின் தம்பி, "இந்த முறை நானும் வாறன். நீ வாயைத் திறக்காத மச்சான், நான் கதைக்கிறன்" என்று கூடவே வந்தான். ஆலை முதலாளி ஊரைக் கேட்டதும், நான் இருமி முடிக்க முதல் அவன் சொல்லிவிட்டான்.

"சாவகச்சேரி."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அட, நானும் அங்கதான். எவ்விடத்தில?"

"ஸ்டேசனுக்குக் கிட்ட."

"ஸ்டேசனுக்கு எந்தப் பக்கம்?"

மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தான். "ரயில் வாற பக்கம்."

"ரயில் ரெண்டு பக்கத்தாலயும் வரும் தம்பி."

பிறகு அவர் எந்தக் கோயிலடி, எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, ஆருடைய ஆட்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். யாழ்ப்பாணத்து மனிதரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், அவர் நம்முடைய பாட்டன் வரைக்கும் விசாரித்து, எங்கேயாவது ஒரு சொந்தத்தைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். இது மச்சானுக்குத் தெரியாமல் போனதுதான் பிழை. நான் நிலத்தைப் பார்த்தபடி வெளியே வந்தேன். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து அவன் சொன்னான்: "அடுத்த முறை பருத்தித்துறை எண்டு சொல்லுவம். அங்க ரயில் போறேல்லை."

அந்த நேரத்தில்தான், ஊர்ச் சனமே அங்கத்தவர்களாக இருக்கிற பூநகரிப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. கடலோரக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கோடையில் இந்தச் சங்கம் உள்ளே ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றில் நிரப்பி, உழவு இயந்திரத்தில் பவுசர் என்கிற தண்ணீர்த் தாங்கியைப் பூட்டி, ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். வழமையாக ஓட்டுகிறவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அந்த வெயிலுக்கு வேறு ஒருவரும் வரவில்லை. அவசரத்தில் என்னிடம் ஊர் கேட்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

அந்த ஊர்ச் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பவுசர் வருகிற நாளில் விடியவே தங்கள் பிளாஸ்டிக் கானையும் வாளியையும் கொண்டுவந்து ஒழுங்கையில் வரிசையாக வைத்துவிட்டு, வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கான் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. அதைத் தள்ளி வைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் கானுக்குப் பின்னால்தான் தன் கானை வைக்கவேண்டும்.

பழைய ஓட்டுநர் பெரிய வீதிச் சந்தியில் நிறுத்தி, அங்கிருந்து கொடுத்துக்கொண்டு உள்ளே போவாராம். நான் நேராக ஒழுங்கையின் கடைசிக்குப் போய், அங்கிருந்து தொடங்கி வெளியே வந்தேன். பெரிய நியாயம் நினைத்துச் செய்ததில்லை. சந்தியில் கடை இருக்கிறது, பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது கூச்சம். கடைசியில் பனைகளும் சில வீடுகளும்தான். ஆனால் அதனால் ஒரு காரியம் நடந்தது. எத்தனையோ கோடைகளாகப் பவுசரின் அடியில் மிஞ்சின கலங்கல் தண்ணீரைப் பிடித்தவர்களுக்கு முதல் தண்ணீர் கிடைத்தது. சந்திக்காரருக்கும் குறையவில்லை, கொஞ்சம் பிந்தியது அவ்வளவுதான்.

கடைசி வீட்டில் கருவாடு விற்கிற அக்கா ஒருவர் இருந்தார். அவவின் குரல் கடல் வரைக்கும் கேட்கும். நான் கதைக்காமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மற்றப் பெண்களிடம் சொல்லுவா: "இந்தத் தம்பியின்ர வாயை ஆரோ இறுக்கிப் பூட்டிப்போட்டினம். திறப்பைத் தேடி எடுங்கோடி."

"திறந்தா என்ன அக்கா வரும்?" என்று இன்னொருத்தி கேட்பாள்.

"ஒண்டும் வராது. காத்துத்தான் வரும்."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். குனிந்து குழாயைப் பார்த்துக்கொள்வேன்.

கோடை முடிவதற்குள் சங்கம் அந்த வேலையை நிரந்தரமாக்கியது. பழைய ஓட்டுநர் கை சரிவராமல் விலகிவிட்டார். நேர்முகத் தேர்வுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் இருந்தார்கள். மூவருக்கும் என் வேலை தெரியும். இந்த முறை கேட்கமாட்டார்கள் என்றே நம்பிக்கொண்டு போனேன். பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அது சரி, உங்கட சொந்த இடம்?"

சொன்னேன். தலைவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். செயலாளர் "அறிவிக்கிறம்" என்றார்.

இந்த முறை அறிவித்தார்கள். அலுவலகத்தில் எழுதுகிற பிள்ளைதான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: செயலாளரின் சொந்தக்காரர் ஒருவரை எடுத்திருக்கிறார்கள். நான் மாத முடிவு வரைக்கும் ஓடினால் போதும். "வீடு வீடாப் போற வேலை அண்ணை. வெளி ஆளெண்டா சனம் விரும்பாதாம்."

அன்றைக்கே ஏஜென்சிக்காரருக்கு அழைத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனைவி பயணப்பையை எடுத்து வெயிலில் காயவைத்தாள்.

கடைசி நாள் தண்ணீர் கொடுத்து முடித்து, குழாயைச் சுற்றிக் கட்டும்போது கருவாட்டு அக்கா கேட்டா, "என்ன தம்பி, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

"நாளையிலயிருந்து வேற ஆள் வருவார் அக்கா."

"ஏன், உனக்கென்ன?"

"என்னை எடுக்கேல்லை. நான் வெளி ஆளாம். சனம் விரும்பாதாம்."

அவ கானின் மூடியை இறுக்கி மூடினா. "எந்தச் சனம்?" என்று கேட்டா.

நான் மெசினை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தேன். போன் அடித்தது. கருவாட்டு அக்கா. "தம்பி, சங்கத்தடிக்கு உடன வா. உனக்கும் ஒரு கான் வைச்சிருக்கிறம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

ஒன்றும் விளங்காமல் போனேன். தூரத்திலேயே கண்டுவிட்டேன். சங்க அலுவலகத்தின் வாசற்படியிலிருந்து தொடங்கி, முற்றத்தைக் கடந்து, வேலிப் படலையைத் தாண்டி, வீதியோரம் வரைக்கும் வெறும் கான்கள். நீலம், வெள்ளை, மஞ்சள், நெளிந்த வாளி, காது உடைந்த குடம். எல்லா ஒழுங்கையின் கான்களும் இருந்தன, சந்திக்காரருடையதும்தான். பெண்கள் வேப்பமர நிழலில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தல் இல்லை, சண்டை இல்லை. பொருளாளர் உள்ளே போக வழி இல்லாமல் சைக்கிளோடு படலையடியில் நின்றார். கானைத் தள்ளினால் என்ன நடக்கும் என்று அந்த ஊரில் பிறந்த அவருக்குத் தெரியும். அதோடு, வரிசையில் அவருடைய மனைவியின் கானும் நின்றது.

எனக்குத் திரும்பிப் போகத்தான் மனம் வந்தது. மோட்டார் சைக்கிளைத் திருப்பவும் செய்தேன். அதற்குள் அக்கா கண்டுவிட்டா. "அந்தா, வந்திட்டான். இஞ்ச வா தம்பி, ஒருத்தரும் கடிக்கமாட்டினம்."

கான்கள் வைக்க முதலே வந்து உள்ளே இருந்த தலைவரும் செயலாளரும் வெளியே வந்தார்கள். "என்ன பிள்ளையள் இது? பவுசர் ஒழுங்கைக்கு வரும்தானே" என்றார் தலைவர்.

"பவுசர் வரும் ஐயா. அதை ஆர் கொண்டு வாறது எண்டதுதான் கதை" என்றா அக்கா. "சனம் விரும்பாது எண்டு சொன்னீங்களாம். நாங்கள்தான் சனம். எங்களை ஆரும் கேக்கேல்லையே."

தலைவர் தலையைச் சொறிந்தார். பொருளாளர் விடவில்லை. "நாங்கள் ஆளைப் பிழை சொல்லேல்லை. ஆனா ஊர் ஆக்களுக்கு முதலிடம் குடுக்கத்தானே வேணும். இவரையே கேளுங்கோ, சொந்த ஊர் எது எண்டு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு கண்கள் என் மேல் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வழமை போல நிலத்தைப் பார்த்தேன். நிலத்தில் கான்கள்தான் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஒரு நினைவு வந்தது. எப்படிக் கதைக்கத் தொடங்கினேன் என்று இப்போதும் தெரியாது.

"என்ர அப்பா அம்மா மலைநாடு. நான் பிறந்தது இஞ்ச. கடைசிச் சண்டையில உங்களோடதான் நானும் நடந்தனான். பிறகு செட்டிகுளம் முகாமில எல்லாரும் இருந்தம். அங்கயும் பவுசர்தான் வந்தது, இதே மாதிரிக் கான்தான் வைச்சம். எனக்கு முன்னால நிண்டவரும் பின்னால நிண்டவரும் ஆர் எவர் எண்டு எனக்குத் தெரியாது. அந்த வரிசையில ஒருத்தரும் ஒருத்தரையும் சொந்த ஊர் கேக்கேல்லை."

அவ்வளவுதான் சொன்னேன். அது எனக்குப் பெரிய பேச்சு.

காற்றில் ஒரு வெறும் வாளி சரிந்து உருண்டது. பொருளாளர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் அந்த முகாமில் இருந்தவர்தான். வேப்பமரத்தடியில் இருந்து அவருடைய மனைவி சொன்னா, "கேட்டதுக்குப் பதில் வந்திட்டுது. வேலையைக் குடுத்துவிடுங்கோ, எனக்கு உலை வைக்க நேரமாகுது."

முதலில் சிரித்தவர் தலைவர். அதன் பிறகு யாரால் அடக்கமுடியும்? பொருளாளரும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். தலைவர் படியில் நின்றபடியே, அங்கத்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். உயராத கையை நான் காணவில்லை. செயலாளர் உள்ளே போய் மெசின் திறப்பை எடுத்துவந்து என் கையில் தந்தார். அவருடைய சொந்தக்காரருக்குப் பிறகு கிளிநொச்சியில் ஒரு கடையில் வேலை கிடைத்ததாக அறிந்தேன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

"இனி ஆரும் திறப்பைத் தேடவேண்டாம்" என்று அக்கா பெண்களுக்குச் சொன்னா. "வாயும் திறந்திட்டுது."

அன்றைக்குக் கான்களை அலுவலக வாசலிலேயே நிரப்பினேன். நிரப்பி முடித்த பிறகுதான் ஏஜென்சிக்காரருக்கு அழைத்தேன். அவர் நல்லாக ஏசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அவள் பயணப்பையை எடுத்து, அதற்குள் நெல் விதையைக் கொட்டிக் கட்டி வைத்தாள்.

இப்போதும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். போன மாதம் பம்பு இயக்க ஒருவரை எடுத்தார்கள். வேலையாட்கள் சார்பில் என்னையும் நேர்முகத் தேர்வில் இருக்கச் சொன்னார்கள். வந்தவர் என்னைவிடக் கூச்சக்காரர். அடையாள அட்டை பார்த்தோம், வேலை அனுபவம் கேட்டோம். பிறகு பொருளாளர் கண்ணாடியைக் கழற்றி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "எப்ப வேலைக்கு வரலாம் தம்பி?" என்று கேட்டார்.

ஒரு ஊர் என்னுடையது என்று நான் மனதுக்குள் எத்தனை வருடம் சொல்லிக்கொண்டு இருந்தும் அது எனக்குப் போதவில்லை. அந்த ஊர்ச் சனம் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, இவன் எங்கட ஆள் என்று ஒரு காலைப்பொழுது எனக்காக இருந்தார்கள். அதன் பிறகு நான் எங்கே போனாலும் தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன்.