மாசி வீட்டில் வந்த அம்மை

ஆக்லாந்தில் வித்தியா வேலை பார்த்த ஆய்வகத்துக்கு நோயாளிகள் வருவதில்லை. என்ன வைரஸ் என்று மற்ற ஊர் ஆய்வகங்கள் தடுமாறும்போது மாதிரிகளை அங்கே அனுப்பும். அங்கே சொல்வதுதான் நாட்டுக்கே முடிவு. அங்கே தெரிந்துகொண்ட எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலையில் சேர்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் எடுத்த குழாயில் தெரிந்த பெயர் இருந்தது. ரானுயி புறநகரில் அவள் நாத்தனார் அபிதாவின் பக்கத்து வீட்டுக்காரரான யசீகரனின் மகன். தட்டம்மைச் சந்தேகம். தெரிந்தவர்களின் மாதிரியைத் தொடக் கூடாது என்பதால் மேற்பார்வையாளர் ஹெலனிடம் கொடுத்தாள்.

"முடிவு வந்தாலும் உன்னிடம் சொல்ல மாட்டேன்" என்றாள் ஹெலன்.

மாசி என்ற புறநகரிலுள்ள தன் வீட்டுக்குள் நுழையும்போதே அபிதாவின் அழைப்பு வந்தது. மறுநாள் அவளுக்கு வளைகாப்பு.

"அண்ணி, வெஸ்ட்கேட் கடைங்கள்ல கண்ணாடி வளையலே இல்ல, உங்ககிட்ட இருக்கிறத எடுத்துட்டு வாங்க. யசீகரன் அண்ணா குடும்பத்தோட வர்றாங்க. பையனை வெளிய விடாதீங்கன்னு டாக்டர் சொன்னாராம். ஆனா காய்ச்சல்தான் விட்டுடுச்சே."

அபிதாவுக்குத் தட்டம்மை ஊசி போட்டதாக யாருக்கும் நினைவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இனிப் போடவும் முடியாது.

"காய்ச்சல் வந்த பிள்ளைய எதுக்கு அபி அலைக்கழிக்கணும்? வேண்டாம்னு சொல்லேன்."

"அய்யோ, வீடு தேடிப் போய் அழைச்சுட்டு, இப்ப வராதீங்கன்னா சொல்றது? நல்லா இருக்கே!"

அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் உங்களுக்கெப்படித் தெரியும் என்று கேட்பாள். வித்தியா போனை வைத்துவிட்டு, அந்தக் குடும்பத்தை முறைப்படி தடுக்க வழியுண்டா என்று கேட்க ஹெலனை அழைத்தாள். ஆய்வறைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அபிதாவையே அழைத்தாள்.

"அபி, நம்ம வைஷாலிக்கு உடம்பெல்லாம் பொரிப்பொரியா இருக்கு. அம்மா வந்திருக்கா போல."

மகளின் பிரசவம் பார்க்க நாமக்கல்லிலிருந்து வந்து அபிதாவோடு தங்கியிருந்த வித்தியாவின் மாமியார் சரோஜாதேவி போனைப் பிடுங்கினாள். "எம் பேத்திக்கு ஆத்தா இறங்கியிருக்கும்போது எவளுக்குடி வளைகாப்பு? தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் ஒரு விசேஷமும் கிடையாது. தாளிக்காத. யாரையும் உள்ள விடாத. வேப்பிலைக்கு இந்த ஊர்ல எங்க போவ, மஞ்சத்தண்ணியாவது தெளி."

மருத்துவர் சொல்லியும் அசையாத வளைகாப்பு அந்த ஒரு வார்த்தையில் நின்றுபோனது.

வேலையாக வெலிங்டன் போயிருந்த கணவன் மனோஜிடமும் அதே பொய்தான். ஆறு வயது வைஷாலி, பள்ளிக்கூடமும் இல்லாமல், திரை இழுத்த கூடத்தில் சோபா மேல் குதித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, ஐ ஆம் நாட் சிக்!"

"தெரியும்டி, கத்தாத."

செவ்வாய்க்கிழமை யசீகரன் அழைத்தான்.

"அக்கா, மகனுக்குத் தட்டம்மைதானாம். நர்ஸ் இப்பதான் கதைச்சவ. போன கிழமை கோயில்ல பிள்ளையள் ஒண்டாத்தானே விளையாடினவை? உங்கட பிள்ளையிட்ட இருந்து வந்திருக்கும் எண்டு நர்ஸிட்ட சொல்லிப்போட்டன். முந்தியே ஒரு சொல் சொல்லியிருக்கலாம்."

"ஆமாங்க" என்றாள் வித்தியா. "தப்புதான்."

கொஞ்ச நேரத்தில் அந்த நர்ஸே அழைத்தாள். குழந்தையை வெஸ்ட்கேட் மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும், காரைவிட்டு இறங்க வேண்டாம், தொண்டையிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். மகளுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல வித்தியா வாயெடுத்தாள். பிறகு ஏன் அம்மை என்றாய் என்று நர்ஸ் கேட்பாள். இருந்த ஒரே பதில் வேலையைப் பறித்துவிடும். வேலையை நம்பித்தான் விசா.

கார் கண்ணாடியை இறக்கினாள். முகக்கவசம் போட்ட நர்ஸ் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தடிப்பே இல்லையே?"

"மறைஞ்சிடுச்சு."

வைஷாலி வாயைத் திறந்தாள். குழாயில் எழுத நர்ஸ் பெயர் கேட்டபோது வித்தியா எழுத்தெழுத்தாகச் சொன்னாள். நோய் உறுதியானவரோடு பழகியவர்களின் மாதிரிகள் நேராக அவள் ஆய்வகத்துக்குத்தான் போகும். இன்று அங்கே பெயர்களைச் சரிபார்ப்பவள், வெள்ளிக்கிழமை அந்தக் குழாயை வாங்கிக்கொண்ட, வைஷாலியின் பெயரும் தெரிந்த ஹெலன்.