இருபத்தொரு துளை

மருந்து கலக்குவது கம்பவுண்டர் வேலையில் பாதிதான். கலக்கியது நோயாளியின் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்து அலைவது மறு பாதி. காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் நான் கொயினா பாட்டிலோடு மல்லுக்கட்டிய காலத்தில், என்னைப் படாதபாடு படுத்தியவர் கோட்டையூர்த் தச்சர் மாணிக்கம் ஆசாரி. மருந்தென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஆகவே என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

கோணல் கோடு

மழை ஓய்ந்ததும் ஊரெல்லாம் குளிர்காய்ச்சல். ஆசாரியும் படுத்தார். கொயினா மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காக ஓரத்தில் வெட்டுப்போட்ட காகிதப் பட்டையைப் பாட்டிலில் ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் நடுங்கிக்கொண்டே வந்து, ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் திருப்பி வைத்தார். கவராயத்தால் அளந்தாராம், அடியில் உள்ள வெட்டுக்கு மட்டும் இடைவெளி அதிகமாம்.

பாட்டிலின் அடி உள்பக்கம் மேடாக இருப்பதால் அப்படித்தான் விடவேண்டும் என்று சொல்லி, தண்ணீர் ஊற்றி அளந்தும் காட்டினேன். ஒத்துக்கொண்டாரே தவிர முகம் தெளியவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கோடே கோணலா இருக்கு. உள்ள இருக்கறத எப்படிங்க நம்புறது?"

ஆணி இறங்கிவிட்டது

நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள் குடிக்கவேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. ஆசாரியும் மருந்தை விட்டார். இரண்டு வாரத்தில் காய்ச்சல் திரும்பி வந்தது. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை திரும்பினால் ஆள் தேறுவது கஷ்டம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில், ஏன் பாதியில் நிறுத்தினீர் என்று சத்தம் போட்டேன். ஆசாரி நிதானமாகக் கேட்டார்: "ஆணி இறங்குன பெறகும் சுத்தியலால அடிச்சுக்கிட்டா இருப்பாக?"

வாசல்நிலை

அப்போது கோட்டையூரில் ஒரு புது வீட்டுக்கு வாசல்நிலை வைக்க எட்டு நாள் இருந்தது. பர்மாத் தேக்கில் அந்த நிலையை ஒரு வருஷமாகச் செதுக்கியவர் இவர்தான். படுத்துவிட்டால் வேறொருவர் கை வைத்துவிடுவார். அதனாலாவது குடிப்பார் என்று நினைத்தேன். மறுநாள் அவர் மனைவி வள்ளி அழுதுகொண்டு வந்தார். நிலை வைக்கும்வரை விரதமாம். பொழுது சாயுமுன் பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாதாம்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்தப் புது வீட்டுக்கே ஓடினேன். நிலையைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆசாரி நான் சொல்லிக் கேட்கவில்லை. அங்கே மணல் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற வீட்டுக்கார ஆச்சியிடம் முறையிட்டேன். அவர் ஆசாரியைக் கூப்பிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கை நடுங்கி நிலை கோணுனா எங்க வீட்டுக்கு ஆகுமா? அந்த மருந்தும் விரதத்துல சேத்திதான், குடியும் ஆசாரியாரே."

முளைக்குச்சி

ஆசாரி குடித்தார். குடிப்பதென்று முடிவு செய்தபின் அதையும் வேலைச் சுத்தமாகவே செய்தார். தேக்குத் துண்டு ஒன்றில் வரிசைக்கு மூன்றாக இருபத்தொரு துளை போட்டு, ஒரு முளைக்குச்சியும் சீவினார். ஒரு வேளை மருந்து உள்ளே போனால் குச்சி ஒரு துளை நகரும். நகர்த்தும் அதிகாரம் வள்ளிக்கு மட்டும். அதுவும் அவர் வாயைத் திறந்து காட்டிய பிறகு.

நிலை வைத்த காலையில் நானும் போனேன். குச்சி கடைசித் துளையில் நின்றது. ஆசாரி தேங்காய் உடைத்து, தன் கையாலேயே நிலையை நிறுத்தினார். கை நடுங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அடுத்த வாரம் பலகையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, மற்ற நோயாளிகளுக்கும் கொடுக்கச் சொன்னார். கூடவே ஒன்று சேர்த்துக்கொண்டார்: "அளந்து பாத்துக்கங்க. ஒங்க கோடு மாதிரி இல்ல."

அந்தப் பலகையை இரவல் வாங்கிப்போனவர்கள் எல்லோரும் கடைசித் துளைவரை வந்து சேர்ந்தார்கள். பத்தாம் துளையோடு நிறுத்திக்கொண்டவன், அடுத்த மழையில் காய்ச்சலாகப் படுத்த இந்தக் கம்பவுண்டர் ஒருவன்தான்.