சாக்குகள் ஏறிய ராட்டினம்

போன கிழமை பெரிய துரையின் வயிறு கிழிந்துவிட்டது. பயந்துவிடாதீர்கள். பெரிய துரை ஒரு மணல் சாக்கு. உரம் வந்த பையில் ஆற்று மணலை நிரப்பி, வாயைத் தைத்து, நீலப் பெயிண்டில் நானே பெயர் எழுதியது. காலையில் கொட்டகையிலிருந்து தூக்கும்போது அடியில் பிய்ந்து, மணல் முழுக்க என் காலில் கொட்டியது. ஈர மணலும் பழைய உரமும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும், வேலையை விட்டுவிட்டு அங்கேயே குந்திவிட்டேன்.

வத்தேகம பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு என் பூங்காவைத் தெரியாமல் இருக்காது. குதிரை ராட்டினம் ஒன்று, சின்னப் பிள்ளைகள் ஓட்டும் மோதல் கார்கள், நடுவில் எட்டுப் பெட்டி வைத்த பெரிய ராட்டினம். பெட்டிக்கு நாலு பேர். அத்தனையும் நான் தனி ஆளாக உண்டாக்கியது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குப் பேராதனையில் இன்ஜினியருக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து, "எப்பிடிங்க ஐயா, ஆள் ஏற ஏற ராட்டினம் ஒரு பக்கமா இழுக்காம பாத்துக்கறீங்க?" என்று கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

ரகசியம் ஒன்றுமில்லை. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குத் தூக்கினேன். தராசு முள் நிற்பதற்கு முன்னால் எடையைச் சொல்லிவிடுவேன். கணக்கப்பிள்ளை குறைத்துச் சொன்னால், சரியான எடையை உரக்கச் சொல்வேன். பெண்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதத்தில் வேலை போய்விட்டது. போகட்டும். கண்டிக்கு இறங்கி வந்தேன். அங்கே கார்னிவல் ஒன்றில் ராட்டினம் உலுக்கி உலுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. "அந்தத் தொப்பி போட்ட மாமாவ எதிர்ப் பெட்டியில மாத்திப் போடுங்க" என்று வேலிக்கு வெளியே நின்று கத்தினேன். மாற்றினார்கள். நெய்யில் வழுக்குவது போலச் சுற்றியது. அன்றைக்கே வேலை. (இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நான் இதுவரை இரண்டு சுற்றுக்கு மேல் ராட்டினத்தில் போனதில்லை. மூன்றாவது சுற்றில் சாப்பிட்டது வெளியே வந்துவிடும்.)

ஆக, என் ராட்டினத்தில் யார் யாரோடு உட்காருவது என்பதை நான்தான் சொல்வேன். சாதி சனம் பார்ப்பதில்லை. எடை மட்டும்தான். ஒருமுறை ஒல்லியான யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரை, கொழுந்தெடுக்கும் பருத்த அக்கா ஒருவருக்குப் பக்கத்தில் போட்டேன். பெட்டி உச்சிக்குப் போனதும் வாத்தியாரின் குரல் கேட்டது: "பயப்பிடாதேங்கோ அக்கா, நான் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்." அக்கா கீழே வரை கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நடுங்குறது நீங்கதாங்க சார்!" இறங்கும்போது அக்காவின் மடியிலிருந்த கடலைப் பொட்டலம் வாத்தியாரின் கையில் இருந்தது.

பிறகு கொரோனா வந்தது. கேட்டை மூடினோம். பெட்டிகளில் மழைத் தண்ணீர் தேங்கியது. குதிரைகளின் காதில் குளவி கூடு கட்டியது. மறுபடி திறக்கலாம் என்று சட்டம் வந்தபோது, ஒரு பெட்டிக்கு இரண்டு பேர், அதுவும் ஒரே வீட்டு ஆட்கள் என்றார்கள். இரண்டு பேர் வந்தால்தானே! ஞாயிற்றுக்கிழமையில் ஒரு குடும்பம் வரும், கேட்டில் நின்று பார்க்கும், திரும்பிப் போய்விடும்.

என் மகள் செல்வராணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து நேரே வந்தவள், ராட்டினத்தடியில் நின்று சொன்னாள்: "குடுத்துருங்க அப்பா. பழைய இரும்பு எடுக்கிற நானாகிட்ட பேசிட்டேன். இனி சனம் ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் உக்காராது."

"உனக்கு என்னடி தெரியும் என் தொழிலப் பத்தி?"

"வார்டுல நான் பாத்தத நீங்க பாக்கல அப்பா."

கோபத்தில் வாய் விட்டேன்: "சித்திரை வருசப் பொறப்பு லீவு முடியறதுக்குள்ள, எட்டுப் பெட்டியிலயும் உசுருள்ள ஆள ஏத்தி ஒரு தடவ சுத்திக் காட்டுறேன். முடியலன்னா நானே நட்டைக் கழட்டித் தாறேன்."

அவள் விடவில்லை. "பொய் சொல்லக் கூடாது. நான் வந்து எண்ணுவேன்."

கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் கூட்டம் வரும். வெறும் ராட்டினத்தைப் பார்த்து எவன் பஸ்ஸை விட்டு இறங்குவான்? எப்படியும் எடைக்கு எடை வைக்க மணல் சாக்கு வேண்டும். அந்தச் சாக்குகளுக்கே என் பழைய சட்டைகளை மாட்டினேன். தொப்பி வைத்தேன். மனைவியின் சேலை ஒன்றும் போனது. அதற்கு வாங்கிய திட்டு தனி. சாக்குக்கொரு பெயர்: பெரிய துரை, கங்காணி, டாக்டரம்மா. எல்லாருக்கும் மாஸ்க். பாதையிலிருந்து பார்த்தால் ராட்டினம் நிறையச் சனம்.

மூன்றாம் நாள் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து வந்தார். "முதலாளி! சட்டம் தெரியாதா? ஒரு பெட்டியில நாலு ஆள்!"

"ஆள் இல்லைங்க மாத்தயா."

"அப்ப என்ன, பேயா? எறக்குங்க!"

இறக்கினேன். மனுசன் பெரிய துரையின் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். தோளைத் தட்டிப் பார்த்தார். மணல் கொஞ்சம் உதிர்ந்தது. பிறகு மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இந்த ஏரியாவில மூக்கு மூடி மாஸ்க் போட்ட ஒரே ஆள் இவர்தான்!" என்றார். ஒரு படமும் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் போனுக்குப் போன் போயிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு, பெரிய துரையைப் பார்க்கவென்றே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஏறினார்கள். ஏறியவர்களைப் பார்த்து மற்றவர்கள் ஏறினார்கள். கட்டுப்பாடு தளரத் தளர, கிழமைக்கு ஒரு சாக்காகக் கீழே இறங்கியது.

புதுவருச லீவின் கடைசி ஞாயிறு. செல்வராணி சொன்னபடி வந்து நின்றாள். பக்கத்தில் பழைய இரும்பு எடுக்கும் அந்த முஸ்லிம் நானா, கையில் அளவு நாடாவோடு. ஏழு பெட்டியில் உயிருள்ள சனம். எட்டாவதில் பெரிய துரையும் கங்காணியும் மட்டும். வரிசையில் ஒரு ஆள் மிச்சமில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"எட்டாவதுல ஆள் இல்லப்பா" என்றாள் மகள். அவள் குரலில் சந்தோசம் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் நானாவை மேலும் கீழும் பார்த்தேன். கொழுந்துச் சாக்கைப் பார்த்த அதே கண். சரியாக இரண்டு சாக்கு எடை.

"நானா, ஏறுங்க."

"எனக்கா? ஏலா முதலாளி! தல சுத்தும். நான் இரும்பு அளக்கல்லவா வந்த?"

"மேல போய் அளங்க. அங்கயும் இரும்புதான் இருக்கு."

பெட்டிகளில் இருந்த சனம் கத்தத் தொடங்கியது: "ஏறுங்க நானா! ஏறுங்க!" நானா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். செல்வராணி முன்னால் வந்து, கங்காணியைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பெரிய துரையை நெஞ்சோடு அணைத்து, வார்டில் நோயாளியை இறக்குவது போல, மெதுவாகக் கீழே கிடத்தினாள்.

பிரேக்கை விட்டேன். நெய்யில் வழுக்குவது போலச் சுற்றியது. உச்சியிலிருந்து நானா எல்லா நபிமார்களையும் கூப்பிட்டார். இறங்கி வந்து, நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இத வெட்டுறது பாவம், மகள்" என்று செல்வராணியிடம் சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

சனம் திரும்பாது என்று சொன்ன ஊர், இப்போது என் கேட்டில் வரிசையில் நிற்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் ஒன்று திரும்பவில்லை. இப்போது வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தனிப் பெட்டி குடுப்பீங்களா?" என்பதுதான். புருசனும் பெண்சாதியும் ஒரு பெட்டி. தாயும் பிள்ளையும் ஒரு பெட்டி. அந்நியர் வேண்டாம். எடை நிரவ வேண்டுமே, அதனால் ஆள் இல்லாத காலத்தில் ஏற்றிய சாக்கை, வரிசையில் ஆள் காத்து நிற்கும் காலத்திலும் ஏற்றினேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து கத்துகிற அந்தச் சத்தம் இல்லை. கடலைப் பொட்டலம் கை மாறுவதில்லை. நோய் போய்விட்டது, இதையும் தன்னோடு கொண்டுபோய்விட்டது.

போன கிழமை, கிழிந்த சாக்கைப் பார்த்து, "புதுப் பை ஒண்ணு கொண்டாரவா அப்பா?" என்று செல்வராணி கேட்டாள்.

"வேணாம்" என்றேன். மணலை அள்ளி, கேட்டடியில் சேறாகக் கிடந்த பாதையில் போட்டு மிதித்தேன். அன்று முதலில் வந்தவர்கள் ஒரு இளம் சோடி. தம்பி தனிப் பெட்டி கேட்டார். நான் வரிசையைப் பார்த்தேன். கையில் மாங்காய்ப் பையோடு, நல்ல தாட்டியான அம்மா ஒருவர் நின்றார். சரியாகப் பெரிய துரையின் எடை.

"அம்மா, நீங்க வந்து இந்தத் தம்பி பக்கத்துல உக்காருங்க. பெரிய துரைக்கு இன்னைக்கு லீவு."

தம்பி முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். பிரேக் என் கையில்தான் இருக்கிறது.